மிளகு போன ஊருக்கு

லோயர் கேம்ப் என்ற ஊரின் பெயரைத் தமிழாக்க ஒருவரும் மெனக்கெட்டதில்லை. 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாற்று அணை எழும்பிக் கொண்டிருந்த காலத்தில் மலைக்குக் கீழே போட்ட முகாம் அது. முகாம் கலைந்தது, பெயர் கலையவில்லை. கூடலூரைத் தாண்டிக் குமுளிக்கு ஏறுகிற பஸ், வளைவுகளுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்கிற இடம். மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிற பெரியாற்றுத் தண்ணீர், நான்கு ராட்சதக் குழாய்களில் சரிந்து இறங்கி, மின்சார நிலையத்து யந்திரங்களைச் சுற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைத் தேடிப் போகிறது. அணை கட்டிய கர்னல் பென்னிகுவிக்குக்கு 2013-ஆம் ஆண்டு இங்கே மணிமண்டபம் திறந்தார்கள். தைப் பொங்கல் சமயம் அவர் பிறந்த நாளும் வருவதால் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்த வீடுகளும் பள்ளத்தாக்கில் உண்டு.

ஒரு வெள்ளைக்காரரைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துக் கும்பிடுகிற இந்த ஊரிலிருந்து ஒரு பெண் சீமைக்குப் போய் நான்கு வாரம் படித்துவிட்டு வருவது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு என் தங்கை வீட்டில் அது மிகப் பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

தங்கையின் கணவர் மின்சார நிலையத்தில் உத்தியோகம் பார்க்கிறவர். அவர்களுக்கு ஒரே பெண். சென்னையில் சரித்திரம் படிக்கிறாள். அவளுடைய பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கோடை விடுமுறையில் ஏதென்ஸ் நகரத்தில் தங்கிக் கிரேக்க நாகரிகமும் சரித்திரமும் பயிலும் வகுப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சம்பளத்தில் பாதி தள்ளுபடி. மீதிச் சம்பளம், விமானக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம் ரூபாய் வேண்டும். அந்தப் பணம் தபால் ஆபீசில் இருந்தது. ஆனால் அது அவளுடைய கல்யாணத்துக்கு என்று போட்டு வைத்த பணம்.

இம்மாதிரி வகுப்புகள் புதியவை அல்ல. ஏதென்ஸில் அமெரிக்கர்கள் 1881-லும், ஆங்கிலேயர்கள் 1886-லும் தங்களுக்கென்று கல்விச் சாலைகளை நிறுவிக்கொண்டார்கள். அங்கே கோடை வகுப்பில் நாற்காலி, மேஜை என்று உட்காருவது கொஞ்சம். வெயிலில் நடப்பதுதான் அதிகம். மாணவர்களில் இன்னாருக்கு இன்ன கோயில், இன்னாருக்கு இன்ன கல் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவரவர் முறை வரும்போது அந்தக் கல்லின் எதிரிலேயே நின்று, அதைப் பற்றிப் படித்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வழியைப் பின்பற்றித்தான் இன்று பல தேசத்துப் பல்கலைக்கழகங்கள் கோடை வகுப்புகள் நடத்துகின்றன. இவற்றில் பாதி படிப்பு, பாதி உல்லாசப் பிரயாணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு வாரத்தில் கிரேக்க மொழி வந்துவிடாது. எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை வாசிக்க வரும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் போகிறார்கள் என்பதும் உண்மை. என் கல்லூரிப் படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றுபோனது. ஆனாலும் இவ்வளவும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் ஊருக்குப் போனேன். தாய்மாமன் வந்து சொல்லட்டும் என்று இரண்டு தரப்பாரும் காத்திருந்தார்கள்.

நான் போனது சித்ரா பௌர்ணமியன்று. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மலைமேல் கண்ணகி கோயிலுக்குப் போக அனுமதி. லோயர் கேம்புக்குப் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏற வேண்டும். நானும் மாப்பிள்ளையும் மருமகளும் விடியற்காலையில் ஏறினோம். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுதான் என்று சொல்லப்படும் அந்த இடிந்த கற்கட்டடத்தின் எதிரில் நின்றுகொண்டு, மருமகள் ஒரு விஷயம் சொன்னாள். செங்குட்டுவனின் தந்தை இமயவரம்பன், யவனர்களைப் பிடித்துத் தலையில் நெய்யை ஊற்றிக் கையைப் பின்னால் கட்டி இழுத்து வந்தான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்றில் இருக்கிறதாம்.

"பாத்தீங்களா மச்சான்? அந்த ஊருக்குத்தான் இவ போகணுங்கிறா. அவனுக பழசை மறந்திருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. கிண்டல் பண்ணுகிறார் என்றால் மனம் சற்று இளகியிருக்கிறது என்று நினைத்தேன். இளகவில்லை என்பது சாயங்காலம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தபோது தெரிந்தது.

"மச்சான், நீங்க எழுதுறவரு. நீங்களே சொல்லுங்க. டாக்டருக்குப் படிக்கப் போறேன்னா வீட்டை அடமானம் வச்சாவது அனுப்புவேன். செத்துப்போன கிரேக்கன் கதையைப் படிச்சிட்டு வந்து இவ எந்த மிஷினை ஓட்டப் போறா?"

தங்கை வேறு திசையிலிருந்து வந்தாள். "படிப்பு முடிஞ்சதும் பொண்ணு கேட்டு வருவாங்கண்ணே. பணம் எங்கேன்னு கேட்டா ஏதென்ஸுக்குப் போயிருச்சுன்னு சொல்லவா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பெண் அழுவாள், கோபித்துக்கொண்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். ஓரங்கள் கிழிந்த, நைந்த ஒரு பழைய தாள். அதில் நெருக்கமாக எறும்பு ஊர்வதுபோல் எழுத்து.

அந்தத் தாள் எகிப்தில் நாணற் புல்லிலிருந்து செய்தது. இன்று ஆஸ்திரியாவில், வியன்னா நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-ல்தான் படித்து வெளியிட்டார்கள். அதன் ஒரு பக்கம் நம்முடைய முசிறியை ஒட்டிய வியாபாரத்துக்காக எழுதிய கடன் பத்திரம். கடனைத் திருப்பாவிட்டால் சரக்கு யாருக்குச் சேரும், பாலைவனத்தில் ஒட்டகத்தில் ஏற்றுவது யார் பொறுப்பு, கிட்டங்கிக்கு யார் முத்திரை வைப்பது என்று நம் ஊர் கமிஷன் மண்டிக்காரர்கூடத் தலையாட்டுகிற அளவுக்கு ஜாக்கிரதையான பத்திரம். மறுபக்கம், ஹெர்மபோலன் என்ற கப்பலில் போய்ச் சேர்ந்த சரக்கின் கணக்கு: கங்கைப் பக்கத்து வாசனை நார், யானைத் தந்தம். நாலில் ஒரு பங்கு சர்க்காருக்குச் சுங்கம். எல்லாம் கிரேக்க மொழியில்.

"நம்ம கரையிலேருந்து போன சரக்கோட கணக்கு மாமா. நம்ம கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. அவங்க கிட்ட இருக்கு. அதைப் படிக்க நம்மள்ல எத்தனை பேர் இருக்காங்க? எங்க டிபார்ட்மெண்டுல ஒருத்தர் இல்ல. இங்கிலீஷ்ல யாரோ எழுதினதைப் பாத்துத்தான் நாங்க எழுதுறோம்."

மாப்பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியலை" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் சொன்னதில் நான் சேர்த்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. சங்கப் பாட்டில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாசலில் காவல் நிற்கிறார்கள். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கிறார்கள். நம் பக்கத்துச் சாட்சி அவ்வளவு. கப்பல் எந்த மாதம் கிளம்பும், எந்தத் துறையில் எது கிடைக்கும், மிளகுக்காக ஏன் பெரிய கப்பல் வேண்டும் என்றெல்லாம் ஒரு கிரேக்க மாலுமி முதல் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறான். பெயர் சொல்லாமல் போய்விட்ட புண்ணியவான். அடுத்த நூற்றாண்டில் தாலமி, பாண்டியன் தலைநகரை 'மோதூரா' என்று பூகோளத்தில் குறித்தான். முசிறிப் பக்கமிருந்து மதுரைக்கு வந்த வழிகளில் ஒன்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில்தான் இறங்கியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பலருடைய அபிப்பிராயம். அப்படியானால் மாப்பிள்ளை வீட்டு வாசல் வழியே பொதி மாடுகள் போயிருக்கின்றன.

இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லித் தீர்ப்பு வழங்குவதற்கு முன், திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயார் வாயைத் திறந்தார். அந்த அம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷம் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்தவர்.

"ஏத்தா, அவனுக எதுக்கு இங்க வந்தானுக?"

"மிளகு வாங்க, அப்பத்தா."

"எத்தினி வருஷம் முந்தி?"

"ரெண்டாயிரம்."

"அம்புட்டு வருஷம் முந்தியே அவன் இம்புட்டுத் தூரம் வந்து வாங்கிட்டுப் போயிருக்கான். நம்ம வீட்ல ஒருத்தி ஒரு தடவை போயி அவன் ஊரு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்தா என்னா?" பிறகு மகன் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம் நான் தெனமும் கேரளாவுக்குப் போயிட்டு வந்தேன். அன்னைக்கு யாராச்சும் இப்படிக் கூடி உக்காந்து போகலாமா வேணாமான்னு பேசுனீகளா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கம்பத்திலும் கூடலூரிலும் விடிவதற்கு முன்னால் போய் நின்று பாருங்கள். சோற்றுத் தூக்கோடு பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, மலையைக் கடந்து அயல் மாநிலத்துத் தோட்டங்களுக்குப் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புகிறார்கள். வளைவுகளில் ஜீப் உருண்ட செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வரும். கூலிக்குப் போகிற பெண்ணின் பிரயாணத்தைப் பற்றி எந்தக் குடும்பமும் பஞ்சாயத்துக் கூட்டுவதில்லை. படிக்கப் போகிறவளுக்குத்தான் பஞ்சாயத்து.

மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். எங்கள் குடும்பங்களில் அதற்குச் சம்மதம் என்று பொருள். திங்கட்கிழமை தபால் ஆபீசில் பணம் எடுத்தார்.

விசாவுக்காகச் சென்னையில் அலைந்த கதை பெரியது. அதைச் சொன்னால் அதுவே ஒரு தொடர்கதையாகிவிடும். தகப்பனாரின் சம்பளச் சீட்டு, பாங்கிக் கணக்கு, திரும்பி வருவாள் என்பதற்கு அத்தாட்சி என்று கேட்டார்கள். ஹெர்மபோலன் கப்பல்காரர்களைக்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள்.

அவள் போன பிறகு வாட்ஸ்அப்பில் சேதிகள் வந்துகொண்டிருந்தன. முதல் வாரம் முழுவதும் வெயிலைப் பற்றித்தான். 2023-லும் 2024-லும் அனல் தாங்காமல் அக்ரோபோலிஸ் குன்றை நடுப்பகலில் சில மணி நேரம் மூடி வைத்தார்கள். அந்தப் பயத்தில் இவர்களை விடியற்காலையிலேயே கிளப்பிக் கொண்டுபோனார்களாம். ஆண்டிப்பட்டி வெயில் பார்த்த பெண்ணுக்கு அது பெரிதாகப் படவில்லை. கூட வந்த வடக்கு ஐரோப்பியப் பிள்ளைகள்தான் சுருண்டு விழுந்தார்கள். பார்த்தினான் கோயிலின் சிற்பங்களில் பெரும் பகுதியை எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டுபோய், அவை லண்டன் மியூசியத்தில் இருப்பதை ஆசிரியை வருத்தத்தோடு சொன்னாராம். நம் அமராவதிச் சிற்பங்களும் அதே மியூசியத்தில் இருப்பதை இவள் சொல்ல, அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

இரண்டாம் வாரம் ஒரு மளிகைக் கடைப் படம் அனுப்பினாள். பையின்மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிவிட்டாள்: 'பிபேரி'. மிளகு! திப்பிலியின் வடமொழிப் பெயர் பிப்பலி. அது கப்பலேறிப் போனபோது, பின்னால் போன மிளகுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அங்கே அதே பெயர். "கிலோ என்ன விலைன்னு கேளு" என்று அப்பத்தா சொல்லச் சொன்னார். விலையைக் கேட்டதும், "குமுளியில வாங்கி அங்க வித்தா ஆகும்போல இருக்கே" என்றார். யவன வியாபாரத்தின் முழு ரகசியமும் அந்த வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

மூன்றாம் வாரம்தான் அவளுக்குக் கொடுத்த கல்லின் முறை வந்தது. ஏதென்ஸ் நகரத்துப் பழைய மதிலுக்கு அருகே கெராமெய்கோஸ் என்று ஓர் இடம். குயவர்கள் இருந்த பேட்டை. அவ்வூரின் இடுகாடும் அதுவே. அங்கே டெக்சிலியோஸ் என்ற வாலிபனின் நினைவுக் கல் நிற்கிறது. வெளியில் இருப்பது நகல்; அசலைப் பக்கத்து மியூசியத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். குதிரைமேல் அமர்ந்து, கீழே விழுந்த பகைவனை ஈட்டியால் குத்துகிற கோலம். கி.மு. 394-ல் கொரிந்து நகரத்தருகே நடந்த சண்டையில் இறந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது. அவன் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஏதென்ஸ் கல்வெட்டுகளில் பிறந்த ஆண்டு வருவது அபூர்வமாம்.

அவளுக்கும் வயது இருபது.

எழுதி வைத்துக்கொண்டு போனதை வாசித்து முடித்ததும், தன் பாட்டில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். எங்கள் தேனி ஜில்லாவில் வைகைக் கரைப் பக்கம் புலிமான்கோம்பை என்று ஒரு சிற்றூர். 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். குதிரை இல்லை, ஈட்டி இல்லை. பழைய தமிழி எழுத்து மட்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வரை அவற்றின் காலத்தைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அவற்றில் ஒரு கல், கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. அந்தக் கூடலூர், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போகிற கூடலூராக இருக்கலாம் என்கிறார்கள். இன்றும் அந்தப் பக்கம் மலைமாடுகளுக்குப் பேர்போனது.

எல்லோரும் ஆவலோடு கேட்டார்களாம். ஜெர்மானியப் பையன் ஒருவன், "நீ பார்த்தபோது அந்த எழுத்து தெளிவாகத் தெரிந்ததா?" என்று கேட்டானாம்.

அன்றிரவு போன் செய்தாள். அங்கே ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. "புத்தகத்துலதான் பாத்திருக்கேன்னு சொன்னேன் மாமா. அவன் ஒண்ணும் தப்பா நினைக்கலை. ஆனா மேல பேச முடியலை எனக்கு. அந்தக் குதிரைக்காரனை அஞ்சு நாளா போய்ப் போய்ப் பாத்தேன். அந்தவனை ஒரு தடவைகூடப் பாக்கலையே."

குழந்தைமேல் என்ன குற்றம்? கல்லின் எதிரில் நிறுத்திப் பாடம் சொல்லுகிற பழக்கம் இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. 1944-ல் மார்ட்டிமர் வீலர் தட்சசீலத்தில் நம் மாணவர்களைக் குழியில் இறக்கித் தொல்பொருள் பயிற்சி கொடுத்தார். மறு வருஷம் அரிக்கமேட்டைத் தோண்டி யவனர்களின் மதுச் சாடி ஓடுகளை எடுத்தவரும் அவரே. இன்றும் தொல்லியல் படிக்கிற சிலர் களத்துக்குப் போகிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் 'டூர்' என்றால் ஊட்டி. அதை விட்டால் எங்கள் மலைக்கு மேலே தேக்கடிப் படகு. புலிமான்கோம்பைக்கு யாரும் பஸ் ஏற்பாடு செய்வதில்லை. இந்தப் பெண்ணுக்கு அந்த ஞாபகம் வர இரண்டேகால் லட்சம் செலவாயிற்றே என்று தங்கை பிற்பாடு சொன்னாள். அவள் கணக்கு எனக்குச் சரியென்று படவில்லை. ஞாபகம் வருவதற்காக அவள் போகவில்லை. கிரேக்கம் கற்கப் போனாள். அது நமக்கு வேண்டியிருக்கிறது.

டிமிட்ரியோஸ் கலானோஸ் என்று ஒருவர். ஏதென்ஸில் பிறந்தவர். கிரேக்க வியாபாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கல்கத்தாவுக்கு 1786-ல் வந்தார். 1793-ல் காசிக்குப் போய், பண்டிதர்களோடு உட்கார்ந்து சமஸ்கிருதம் படித்து, கீதை முதலியவற்றைக் கிரேக்கத்தில் பெயர்த்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். 1833-ல் காசியிலேயே காலமானார். கையெழுத்துப் பிரதிகள் ஏதென்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. நம் எழுத்தைப் படிக்க அங்கிருந்து ஒருவர் நாற்பது வருஷம் கொடுத்தார். நம் பக்கமிருந்து இப்போதைக்கு நான்கு வாரம் போயிருக்கிறது.

ஜூலை மாதக் கடைசியில் திரும்பினாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கிரேக்க மொழி இலக்கணப் புத்தகம் ஒன்று, தடிமனானது, வாங்கி வந்திருந்தாள். அதை வைத்துக்கொண்டு தினம் காலையில் முணுமுணுக்கிறாள். ஆலிவ் காய் ஊறுகாய் ஒரு புட்டி கொண்டுவந்தாள். அப்பத்தா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "நெல்லிக்காயைக் கெடுத்து வச்சிருக்கான்" என்று புட்டியைத் தள்ளி வைத்துவிட்டார். போகும்போது அவர் கட்டிக் கொடுத்திருந்த அரைக் கிலோ மிளகை அந்த ஆசிரியையிடம் கொடுத்ததற்கு, அந்த அம்மாள் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அந்தச் சேதியில் மட்டும் அப்பத்தாவுக்குப் பரம திருப்தி.

வந்த மறுநாளே புலிமான்கோம்பைக்குப் போக வேண்டும் என்றாள். கல் இப்போது அங்கே இல்லாவிட்டாலும் கல் கிடைத்த இடம் இருக்குமல்லவா என்பது அவள் வாதம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்த சமயம், யந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "தண்ணி குறையட்டும், போவோம்" என்றார். அவள் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. தேனியில் பஸ் மாறிப் போய்வருவதாகவும், துணைக்கு அப்பத்தா வருவதாகவும் முடிவாயிற்று.

கிளம்புகிற அன்று காலை நானும் அங்கே இருந்தேன். அப்பத்தா புளிச்சோறு கட்டிவிட்டார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"ஏத்தா, அந்தச் செத்தவன் கூடலூர் மாட்டைப் பிடிக்க வந்தவனா, மீட்கப் போனவனா?"

"ஆகோள்னா மாட்டைக் கவர்றது அப்பத்தா. பிடிக்க வந்தவனாத்தான் இருக்கணும்."

அப்பத்தா யோசித்தார். கூடலூர் அவருக்குப் பிறந்த ஊர்.

"களவாணிப் பயலா? அப்ப மாலை கெடையாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் பூக்காரியிடம் நின்று, இரண்டு முழம் அரளி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.